550 வற் ஸ்ரிக்கர், 400 வற் பனல்: வளவில் சோலர் பந்தல் போடுபவர்கள் கவனிக்கவும்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் ஒரு வளவில், கிணற்றடிப் பந்தலுக்கு மேல் தாங்களே பூட்டவென்று ரவுணுக் கடையொன்றில் ஆறு சோலர் பனல் வாங்கினார்கள். பில்லிலும் பின்பக்க ஸ்ரிக்கரிலும் 550 வற் என்றுதான் இருக்கிறது. வந்ததோ பழைய 400 வற் பனல். 3.3 கிலோவற்றுக்குக் காசு கட்டி 2.4 கிலோவற் பூட்டியிருக்கிறார்கள். நாளுக்குப் பதின்மூன்று யூனிற் வரவேண்டிய இடத்தில் ஒன்பதரை தாண்டவில்லை. கடையில் கேட்டால் தென்னை நிழலாம்.

இத்தனைக்கும் 'செக் பண்ணி'த்தான் கொடுத்தார்கள். மல்ரி மீற்றரை வைத்து 46 வோல்ற் காட்டினார்கள். சுத்துமாத்து அங்கேதான். இரண்டு வகையிலும் 144 அரைக் கலங்கள் (வெயிலை மின்னாக்கும் துண்டுகள், பாதியாக வெட்டியவை), ஒன்றன்பின் ஒன்றாக 72 தொடராக. வோல்ற்றைத் தீர்மானிப்பது இந்தத் தொடர் எண்ணிக்கைதான். ஆகவே லோட் இல்லாமல் அளந்தால் இரண்டுமே 49, 50 வோல்ற். வெயிலில் சூடேறினால் 45, 46. வோல்ற்றை வைத்து வற் பிடிக்க ஏலாது. கலம் பெரிதானால் கூடுவது அம்பியர்.

நீளம் அளக்கும் ரேப் ஒன்று போதும், மீற்றரே தேவையில்லை. 144 அரைக் கலத்து 550 வற் பனல் ஏறத்தாழ 2278 × 1134 மில்லிமீற்றர், பாரம் 28 கிலோவுக்குக் கிட்ட. இவர்களுக்கு வந்தது 2008 × 1002. இரண்டு சதுர மீற்றரில் 550 வற் என்றால் வினைத்திறன் (விழும் வெயிலில் மின்னாகும் பங்கு) 27 சதவீதம். அப்படியொரு பனல் கடையில் விற்பனைக்கு இல்லை. நல்லவையே பெரும்பாலும் 21 முதல் 23 வரைதான். பெரும்பாலான பனல்களில் கண்ணாடிக்கு உள்ளேயும் ஒரு பார்கோட் இலக்கம் இருக்கும். பின் ஸ்ரிக்கரின் இலக்கத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அம்பியர் பார்ப்பதென்றால் டீசி (பனலிலிருந்து வரும், ஒரே திசையில் ஓடும் மின்) அளக்கும் கிளாம்ப் மீற்றர், அதாவது வயரைக் கவ்விப்பிடித்து அளப்பது, வேண்டும். மலிவானவை பல ஏசி (வீட்டு லைனில் வரும், திசை மாறி மாறி ஓடும் மின்) மட்டுமே அளக்கும். சாதாரண மல்ரி மீற்றரின் 10 அம்பியர் பியூஸ் எரிந்துவிடும். மத்தியான வெயிலில் பனலைச் சூரியனுக்கு நேரே சாய்த்து, சாக்கால் மூடி, அதன் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று கொழுவுங்கள். சாக்கை எடுத்துவிட்டு கிளாம்பைப் போட்டால் 550க்கு 13, 14. 400க்கு 10 அளவில் காட்டும். கழற்றமுன் திரும்ப மூடவேண்டும்; மூடாமல் இழுத்தால் பொறி பறந்து முனை கருகும்.

அதே கடை கொடுத்த பிறேக்கரும் (மின்னைத் துண்டிக்கும் சுவிற்ச்) பிழை. மும்மூன்றாகத் தொடுத்தால் 150 வோல்ற் டீசி. கொடுத்ததோ வீட்டு ஏசி பிறேக்கர். ஏசி மின்னோட்டம் செக்கனுக்கு நூறு தரம் பூச்சியத்தைத் தொடுவதால் பிறேக்கர் துண்டிக்கும்போது வரும் பொறி தானாக அணையும். டீசியில் அணையாது, உள்ளே நின்று எரியும். முகப்பில் அலைக்கோடு இருந்தால் அது ஏசி. நேர்கோடும் கீழே புள்ளிக்கோடும், கூடவே 250 அல்லது 500 வோல்ற் என்றும் இருப்பதை வாங்குங்கள்.

பந்தல் கால்கள் 'கல்வனைஸ்' (துருப்பிடிக்காமல் நாகம் பூசியது) என்று விற்கப்பட்டவை. அரத்தால் ஒரு தரம் உரசியதும் வெள்ளிப் பெயின்ற் செதிலாக உரிந்து கறுப்பு இரும்பு தெரிந்தது. உப்புக் காற்றுக்கு இது தாங்காது.

அத்திவாரம் இன்னும் மோசம். கொக்குவில் அடங்கிய வலிகாமத்தில் ஓரடி கிண்டினாலே பல இடங்களில் சுண்ணாம்புக்கல் தட்டும். கூலிக்கு வந்தவர்கள் அதோடு நிறுத்திவிட்டார்கள். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்கு 46 கிலோ அளவு. இந்த ஆறு பனலும் 12 சதுர மீற்றர். 550 கிலோ தூக்குவிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரடிக் கன கொங்கிறீற் 68 கிலோதான், நாலு காலுக்கும் சேர்த்து 272. ஒன்றரை அடிக் கனமாகப் போட்டால் ஒரு காலுக்கே 230 கிலோ வரும். கல்லை உடைத்துத்தான் கிண்டவேண்டும். கார்த்திகை மார்கழிக் காற்றுக்கு முன் இவர்கள் அதைச் செய்தாக வேண்டும்.

பனலை மாற்றித்தரக் கடை மறுக்கிறது. பில்லில் ஆறு பனலின் இலக்கமும் இல்லை, 'பனல் 6' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.