இதய சிடி ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா? துடிப்பு எத்தனை என்று கேட்டுவிட்டுப் படுங்கள்

இரண்டு மாதத்துக்கு முன் அப்பாவை இங்கே சிங்கப்பூரில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். 980 வெள்ளி கட்டிவிட்டு, ஒன்றுக்கும் உதவாத படத்தோடு திரும்பி வந்தோம். இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே கதை வேறு இடத்திலும் நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 68 வயது. ஈசூனில் எங்களோடு இருக்கிறார். படியேறினால் நெஞ்சை இறுக்குகிறது என்றார். மருத்துவர் பார்த்துவிட்டு, இதய ரத்தக்குழாய்களுக்கு சிடி ஆஞ்சியோ, அதாவது கையில் அயோடின் மருந்தை ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன், எடுத்து வரச் சொன்னார். எங்கே எடுப்பது என்று முடிவு செய்தது நான்தான். விளம்பரத்தில் “128 ஸ்லைஸ், அதிவேகம்” என்று போட்டிருந்தார்கள். அந்த 128-ஐப் பார்த்து மயங்கினேன். அது என் தப்பு.

நாலு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம் என்று மட்டும் குறுஞ்செய்தி வந்தது. கோப்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்தரை மணிக்குத்தானே ஸ்கேன் என்று, அப்பா ஆறு மணிக்கே புளோக்குக்குக் கீழே போய் வழக்கம்போல் இரண்டு கோப்பி ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத கோப்பி) குடித்துவிட்டு வந்தார். இந்த ஸ்கேனுக்கு முன் 12 மணி நேரமாவது கோப்பி, தேநீர் கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கஃபீன் துடிப்பை ஏற்றிவிடும்.

நெஞ்சில் துடிப்பைப் பதிவு செய்யும் ஈசிஜி ஒட்டியதும் திரையில் நிமிடத்துக்கு 91 என்று வந்தது. நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். “கொஞ்சம் அதிகமா இருக்கே?” என்று கேட்டேன். “எங்க மெஷின் வேகமானது, பரவாயில்லை” என்று பதில் வந்தது. அதோடு கதவைச் சாத்திவிட்டார்கள். மூச்சைப் பிடிக்கச் சொல்லி முன்கூட்டியே பழக்கவும் இல்லை. இயந்திரம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னதாம். அப்பா பாதியில் மூச்சை விட்டுவிட்டாராம். அவரே வெளியே வந்து குற்றவாளிபோல் சொன்னார்.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. வலது இதயத் தமனியின் நடுப்பகுதியை அசைவு காரணமாக மதிப்பிட இயலவில்லை, மீண்டும் எடுக்கப் பரிந்துரைக்கிறோம் என்று எழுதியிருந்தது. மீண்டும் எடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடியாம்! கதிர்வீச்சு இன்னொரு முறை, கையில் ஏற்றும் அயோடின் மருந்தும் இன்னொரு முறை. அதற்குத் தள்ளுபடி.

வேறொரு மருத்துவரிடம் ஸ்கேன் படம் இருந்த வட்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். குறுக்குவெட்டில் அந்தத் தமனி சின்ன வட்டப் புள்ளியாகத் தெரிய வேண்டும். அப்பாவுடையது அரிவாள்போல் வளைந்து, இரண்டு பக்கமும் வால் இழுத்துக்கொண்டு கிடந்தது. இன்னொரு கோணத்தில் பார்த்தால், குழாயே படிக்கட்டுபோல் வெட்டி நகர்த்தி வைத்த மாதிரி இருந்தது. மூச்சு விட்ட இடம் அதுதான் என்றார். இதே படத்தில் முன்பக்கத் தமனி ஓரளவு தெளிவாகவே இருந்தது. வலதுபக்கத் தமனிதான் எல்லாவற்றையும்விட அதிகம் ஆடுமாம். அதனால் முதலில் கெடுவதும் அதுதான்.

அவர் போட்டுக் காட்டிய கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. எக்ஸ்ரே குழாய் ஒரு சுற்று சுற்ற 0.35 நொடி என்று வையுங்கள். ஒரு படத்துக்கு அரைச் சுற்று போதும், அதாவது சுமார் 0.175 நொடி. அந்த நேரத்துக்கு இதயம் ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். துடிப்பு 60 என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு நொடி. அதன் பிற்பகுதியில் இதயம் தளர்ந்து நிற்கும் ஓர் இடைவெளி கிடைக்கும். ஈசிஜியைப் பார்த்து அந்த நேரத்தில்தான் படம் பிடிப்பார்கள். 91 என்றால் ஒரு துடிப்புக்கு 0.66 நொடிதான். குறைகிற நேரமும் பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்திலிருந்துதான் போகிறது. ஊஞ்சலில் ஆடும் பிள்ளையைப் படம் எடுப்பது மாதிரி, ஊஞ்சல் நிற்காவிட்டால் எந்த கேமராவாலும் முடியாது என்றார்.

அப்படியானால் 128 ஸ்லைஸ்? ஒரு சுற்றில் எவ்வளவு அகலத்தைப் பிடிக்கலாம் என்பதைத்தான் அது சொல்லுமாம், எவ்வளவு வேகமாகப் பிடிக்கலாம் என்பதை அல்ல. வேகம் வேண்டுமென்றால் சுற்றும் நேரத்தைக் கேட்க வேண்டும், அல்லது இரண்டு எக்ஸ்ரே குழாய் உள்ள இயந்திரமா என்று கேட்க வேண்டும். அதில் கால் சுற்றே போதும். விளம்பரத்தில் இதெல்லாம் ஏன் வரப்போகிறது!

வழக்கமாக பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்து, துடிப்பை 60, 65-க்குள் இறக்கிவிட்டுத்தான் எடுப்பார்களாம். நிலையத்தைக் கேட்டபோது, “உங்கள் தந்தை படிவத்தில் இளைப்பு (ஆஸ்துமா) இருக்கிறது என்று குறித்திருக்கிறார், அதனால்தான் கொடுக்கவில்லை” என்றார்கள். நியாயம்தான், இளைப்பு உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கும்போது எச்சரிக்கை வேண்டும். ஆனால் அப்படியென்றால் மருத்துவரிடம் மாற்று கேட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு ஒத்திவைத்திருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொன்று. துடிப்பின் வேறு கட்டத்திலும் தகவல் பதிவாகியிருந்தால், அதிலிருந்து படத்தைத் திரும்பக் கட்டிப் பார்க்கலாம். சில நேரம் அதிலேயே தெளிவு கிடைத்துவிடும். நான் போய்க் கேட்பதற்குள் மூலத் தகவலை அழித்துவிட்டார்கள். பொதுவாகவே அதை நெடுநாள் வைத்திருப்பதில்லையாம். அதனால் படம் தெளிவாக வந்ததா என்று அன்றைக்கே, அங்கேயே கேளுங்கள்.

இரண்டாவது ஸ்கேன் வேறு இடத்தில். முன்கூட்டியே துடிப்பைக் குறைக்கும் ஐவாபிரடின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள், கோப்பிக்குத் தடை. அங்கிருந்த பெண் அப்பாவை மூன்று முறை மூச்சுப் பிடிக்க வைத்துப் பார்த்தார். “அங்கிள், ரொம்ப இழுக்காதீங்க, பாதி இழுத்தாப் போதும், அப்படியே நிறுத்துங்க.” திரையில் 58. நாக்குக்கு அடியில் ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து தெளித்தார்கள், அதனால் மாலை வரை தலைவலி. படம் கண்ணாடிபோல் வந்தது. நடுப்பகுதியில் ஓர் அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு மருந்து போதும் என்றார்கள்.

முதல் நிலையத்துக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். படத்தின் தரம் மாறுபடலாம் என்று ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருக்கிறதாம், அதைக் காட்டினார்கள். நான் விடாமல் எழுதிக்கொண்டே இருந்ததில், போன வாரம் 150 வெள்ளிக்கு ஒரு வவுச்சர் வந்தது. அவர்களிடமே இன்னொரு ஸ்கேன் எடுத்தால்தான் செல்லுமாம். யாரும் கேட்காதீர்கள், தரமாட்டேன்.