எல்டிஸ்பைஸ்: 24 வோல்ட்டை 12 ஆக்கிப் பார்த்த அனுபவம்

2023இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மின்வெட்டு நாளுக்குப் பல முறை வந்துபோன காலத்தில், சாட்ஸ்வொர்த்திலுள்ள எங்கள் வீட்டு வைஃபை ரௌட்டரை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாமல் பேட்டரியிலிருந்தே நேரடியாக ஓட்டினால், இன்வெர்ட்டரில் வீணாகும் மின்சாரமாவது மிஞ்சுமே என்று தோன்றியது. தொடராக இணைத்த இரண்டு ஈய அமில பேட்டரிகள் தருவது 24 வோல்ட். சார்ஜ் ஏறும்போது அது 28ஐயும் தாண்டும். ரௌட்டருக்கு வேண்டியதோ 12 வோல்ட், 2 ஆம்பியர். ஆகவே மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டர் என்ற சுற்றை வடிவமைத்து, உதிரிபாகங்களை வாங்குமுன், மின்சுற்றுகளைக் கணினியிலேயே இயக்கிப் பார்க்க உதவும் எல்டிஸ்பைஸில் ஓட்டிப் பார்த்தேன்.

லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில் மைக் எங்கல்ஹார்ட் உருவாக்கிய இந்த மென்பொருள், 2017இல் அந்நிறுவனத்தை வாங்கிய அனலாக் டிவைசஸ் வசம் இப்போது இருக்கிறது. முற்றிலும் இலவசம், சுற்றின் அளவுக்கு வரம்பும் இல்லை.

100 மைக்ரோஹென்றி மின்தூண்டி, 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டையோடு, 100 கிலோஹெர்ட்ஸில் பாதி நேரம் மின்சாரத்தை விட்டுப் பாதி நேரம் தடுக்கும் மாஸ்ஃபெட் (மின்னணு ஸ்விட்ச்) என்று வரைந்தேன். மின்தூண்டியின் மின்னோட்டம் 0.6 ஆம்பியர் ஏறி இறங்கும் என்று தாளில் கணக்கிட்டிருந்தேன். திரையிலும் ஏறக்குறைய அதுவே வந்தது. நான் கணக்கிடத் தவறியதையும் அது காட்டியது: இயக்கிய ஒரு மில்லிநொடிக்குள் வெளியீடு 20 வோல்ட் வரை துள்ளிவிட்டுத்தான் 12க்குச் சற்றுக் கீழே அடங்கியது. நேராகக் கட்டியிருந்தால் ரௌட்டர் அன்றே போயிருக்கும். மாஸ்ஃபெட் மின்சாரத்தை விடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகும்படி மாற்றியதும் அந்தத் துள்ளல் மறைந்தது. ஆல்ட் விசையை அழுத்தியபடி ஒரு உறுப்பைச் சொடுக்கினால் அதில் விரயமாகும் வாட் அளவு வரைபடமாக வருவதும் எனக்குப் பெரிதும் பயன்பட்டது.

குறைகளும் உண்டு. நாம் எதையும் குறிப்பிடாவிட்டால் மின்தூண்டிக்கு 1 மில்லிஓம் தடையை மட்டும் அதுவாக வைத்துக்கொள்கிறது. மின்தேக்கியின் உள்தடையோ சுழியம். இதனால் வெளியீட்டின் சிற்றலை, அதாவது மின்னழுத்தத்தின் சிறு ஏற்ற இறக்கம், நம்ப முடியாத அளவுக்கு அழகாகத் தெரியும். 'எம்' என்ற எழுத்தைச் சிறிதாக எழுதினாலும் பெரிதாக எழுதினாலும் மில்லி என்றே கொள்ளும் என்பதை அறியாமல் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தேன். மெகாவுக்கு 'மெக்' என்று முழுதாக எழுத வேண்டும். மின்தூண்டி எத்தனை ஆம்பியரில் செறிவடையும், அதாவது அதன் காந்த உள்ளகம் நிரம்பித் தூண்டல் குறைந்துபோகும், என்பதும் தானாக வராது, காந்தப் பாயத்திற்குத் தனியே சூத்திரம் எழுதித் தர வேண்டும். நான் எழுதவில்லை. இங்குள்ள ஒரு கடையில் செறிவு அளவைக் கேட்காமலேயே வாங்கிவந்த மின்தூண்டி, கட்டி முடித்த பத்தே நிமிடத்தில் தொட முடியாதபடி சுட்டது.

அனலாக் டிவைசஸ் சில்லுகளுக்கு அவை இயங்கும் விதத்தைக் காட்டும் கணினி மாதிரிகள் மென்பொருளுக்கு உள்ளேயே கிடைக்கின்றன. பிறர் தயாரிப்புகளுக்கு மாதிரிக் கோப்பைத் தேடி நாமே சேர்க்க வேண்டும். மாஸ்ஃபெட்டை இயக்கும் கட்டுப்பாட்டுச் சில்லோடு முழுச் சுற்றையும் ஓட்டினால், சுற்றின் சில மில்லிநொடி இயக்கத்தைப் பார்க்கவே பல நிமிடங்கள் காத்திருக்க நேரும், ஆகையால் மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது.