பரிசுக்குப் பிரெஞ்சு நாவல் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்: என் 4,500 ரூபாய் போச்சு

மொரீஷியஸில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது கணவருக்கோ மனைவிக்கோ பிரெஞ்சு நாவல் பரிசளிக்க நினைத்தால், சமூக ஊடகத்தில் பழைய, அரிய பதிப்புகள் விற்கும் பக்கங்களில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 4,500 ரூபாயை வாங்கிக்கொண்டு என்னை ஏமாற்றிவிட்டார்கள். வயிறு எரிகிறது, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி ரோஸ் ஹில்லுக்கு வந்தவள். கிரியோல் பேச வந்துவிட்டது, பிரெஞ்சு வாசிக்க வராது. என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவர் வாசிப்பதெல்லாம் பிரெஞ்சில்தான். லெ க்ளேஸியோ எழுதிய ‘லெ ஷெர்ஷர் தோர்’ என்றால் அவருக்கு உயிர். மொரீஷியஸையும் ரொட்ரீக் தீவையும் சுற்றி நடக்கும் புதையல் தேடும் கதை. எழுத்தாளரின் குடும்ப வேர் இந்தத் தீவில்தான். 2008இல் நோபல் பரிசு வாங்கியவர். என் வீட்டுக்காரர் வைத்திருந்த பிரதி 2024 ஜனவரியில் பெலால் புயல் வெள்ளம் போர்ட் லூயிஸுக்குள் புகுந்தபோது காரோடு ஊறிப்போனது.

அந்த நாவலை கலிமார் பதிப்பகம் வெளியிட்டது 1985இல். என் வீட்டுக்காரர் பிறந்ததும் 1985. நாற்பதாவது பிறந்தநாளுக்கு அந்த முதல் அச்சையே கொடுக்க ஆசைப்பட்டேன்.

பழைய பதிப்புகள் விற்கும் ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் அதன் படம் போட்டிருந்தார்கள். பழுப்பு வெள்ளை அட்டை, சுற்றிக் கறுப்புக் கோடு, உள்ளே மெல்லிய சிவப்புக் கோடுகள், சிவப்பில் தலைப்பு. கலிமாரின் ‘பிளான்ஷ்’ வரிசை அப்படித்தான் இருக்கும். பிரெஞ்சுப் புத்தகங்களில் எப்போது அச்சடித்தார்கள் என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும் என்று தெரிந்துகொண்டு, அதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள், 1985 என்று தெளிவாக இருந்தது. “எங்கம்மா டீச்சர், இது அவங்க சேர்த்து வைத்த புத்தகம், மதாம்” என்று கிரியோலில் ஒரு குரல் செய்தி வேறு. எவ்வளவு பணிவான குரல்! அம்மாவின் புத்தகம் என்று ஒரு பிள்ளை சொல்லும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்? 4,500 ரூபாயைப் போனிலேயே அனுப்பினேன்.

அப்புறம் கேட்டார்கள்: “பரிசா மதாம்? அழகாகச் சுற்றி அனுப்புகிறோம், காசு வேண்டாம்.” தந்திரமே அதில்தான். தங்கநிறத் தாள், சிவப்பு ரிப்பன், மூலைக்கு மூலை டேப். அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கு மனசு வரும்? பிறந்தநாள் வரை பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது.

மாமியார், நாத்தனார் குடும்பம் எல்லாரும் உட்கார்ந்திருக்க அவர் பிரித்தார். உள்ளே இருந்தது அட்டை மடங்கிய ஒரு பாக்கெட் பதிப்பு, அதாவது மலிவான சின்னப் பதிப்பு. முதல் தாளில் ஏதோ பள்ளிக்கூட முத்திரை, அதை மறைக்க மேலே வெள்ளை மை. முதுகில் காய்ந்த பசை தூளாக மடியில் உதிர்ந்தது. அவர் சிரித்த முகத்தோடு நன்றி சொல்லி மேசையில் வைத்தார். நான்தான் எடுத்துப் புரட்டினேன். 144ஆம் பக்கத்துக்கு அடுத்து 161. நடுவில் ஒரு கட்டுத் தாளே இல்லை.

அன்று இரவே விற்றவர்களிடம் கேட்டேன். “கூரியர்காரர் மாற்றிக் கொடுத்திருப்பார்.” கூரியர் அலுவலகத்தில் கேட்டால், ஒட்டிய பொட்டலத்தை நாங்கள் தொடுவதில்லை என்றார்கள், நியாயம்தான். மறுபடி கேட்டால், “கதை அதேதானே மதாம், எழுத்து மாறாதே.” பக்கங்கள் இல்லையே என்றேன். “உங்களுக்குப் பிரெஞ்சே வாசிக்க வராது, பதிப்பைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்டான். பக்க எண்ணைப் பார்க்கப் பிரெஞ்சு எதற்கு? கடைசியில், “மூன்று நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும், பெட்டி வந்து எவ்வளவு நாளாச்சு?” பரிசுத்தாளை அவர்களே சுற்றிவிட்டு இந்தக் கேள்வி! அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். நீங்களாக அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது என்று வங்கியும் கை விரித்தது.

4,500 ரூபாய். இங்கே கடையில் புதுப் பாக்கெட் பதிப்பே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

விவரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. படம் மட்டும் போதாது. உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதி, அதைப் புத்தகத்தின் மேல் வைத்து, கடைசிப் பக்கம் வரை புரட்டி வீடியோ கேளுங்கள். நேரில் பார்த்த பிறகே காசு கொடுங்கள். அவர்களைச் சுற்றித் தரவிடாதீர்கள், தாள் வாங்கி நீங்களே சுற்றிக்கொள்ளுங்கள். ஏமாந்தவர்கள் மாக்கோர்ஸ் இணையப் புகார்த் தளத்தில் பதியுங்கள், நானும் பதிந்துவிட்டேன்.

என்னிடம் காட்டிய அதே படத்தை அன்னையர் தினத்துக்காக நேற்று மறுபடி போட்டிருக்கிறார்கள். இலவசமாகச் சுற்றித் தருவார்களாம். வாங்கிவிடாதீர்கள்.