நீலனும் நாற்பது நிமிடமும்: ஒரு பண்ணைக் குதிரையோடு மூன்றரை ஆண்டுகள்

இன்று காலை 7 மணிக்குக் குளம்பு சீவ லாடக்காரர் வந்தார். நீலனைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தும்போது மணி 7.40. அதுவரை வண்டியின் பின்கதவில் உட்கார்ந்துகொண்டு என்னையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவர் கிளம்பிய கையோடு ஒரு நண்பன் போன் செய்தான். "பண்ணையில பொறந்து வளர்ந்த ரெண்டு வயசுக் குதிரை ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமாடா? நீதான் வெச்சிருக்கியே." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதுதான் யோசித்தது. கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேற்கு அமெரிக்க மாட்டுப் பண்ணைகளின் வழக்கப்படி வளர்ந்த குதிரை நீலன். திறந்த வெளியில் பிறந்து, தாயோடும் கூட்டத்தோடும் மேடு பள்ளமெல்லாம் ஓடித் திரிந்தது. 6 மாதத்தில் பால் மறக்கடித்தார்கள். என்னிடம் வந்தபோது 2 வயது, இப்போது ஐந்தரை. காயடித்த ஆண். கருமையும் வெண்மையும் கலந்து தூரத்திலிருந்து பார்த்தால் நீலமாகத் தெரியும் உடம்பு, அதனால் அந்தப் பெயர்.

அந்த 2 வயதுக்குள் அது மனிதனை நெருக்கத்தில் பார்த்தது சில தடவைதான். ஒவ்வொரு தடவையும் கயிறு, ஒடுக்கமான கம்பி வழி, சூட்டுக்குறி, ஊசி, கடைசியாகக் காயடிப்பு. மனிதனைப் பற்றி அதற்கு நல்ல அபிப்பிராயம் இருக்க நியாயமே இல்லை. ஆனால் இதே வளர்ப்புதான் அதன் பலமும். கல்லில் நடந்து இறுகிய குளம்பு. சரிவில் கால் வைக்கும்போது குனிந்துகூடப் பார்க்காது. கூட்டத்துக் கிழப் பெண்குதிரைகளிடம் அடி வாங்கி மரியாதை கற்றிருக்கிறது. கையில் பால் குடித்து வளர்ந்த செல்லக் குட்டிகள் ஆளை இடிக்கும், பையைக் கடிக்கும். நீலன் அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

சவாரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓடையில் இறங்கு என்றால் இறங்கும். காற்றில் படபடக்கும் தார்ப்பாயை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு வளரும் குருத்துப் பகுதிகள், இறுகி மூட ஐந்தரை, 6 வயதுகூட ஆகும் என்பதால் 3 வயதில்தான் சேணம் வைத்தேன், அதுவும் இருபது நிமிடத்துக்கு மேல் ஏறவில்லை. இந்த வயதில் பின்பக்கம் முதலில் உயரும், அப்புறம் முன்பக்கம் எட்டிப் பிடிக்கும். இரண்டு முறை சேணம் மாற்றியதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளவும். தீனிக்குப் பெரிய வித்தை வேண்டாம்: உடல் எடையில் 2 சதவீதம் புல், நல்ல தண்ணீர், உப்புக்கட்டி. தானியத்தைக் கொட்டி அவசரமாக வளர்த்தால் மூட்டு கெடும். தீனியை மாற்றினால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு மாற்றவேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுவலி வந்து நம் தூக்கம் போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிடிபடமாட்டேன் என்கிறது. மூன்றரை வருடமாக.

ஓடிவிடுவதும் இல்லை. ஓடினால் கோபப்பட ஒரு நியாயமாவது கிடைக்கும். தலைக்கயிற்றோடு போனால் நிற்கும், காதை என் பக்கம் திருப்பும், நல்ல பிள்ளை போலப் பார்க்கும். கைக்கெட்டும் தூரம் வந்ததும் ஓர் அடி நகரும். ஒரே ஓர் அடி. நானும் ஓர் அடி வைத்தால் அதுவும் ஓர் அடி. இப்படியே அடைப்பு முழுவதும் சுற்றி வரலாம். இன்று காலை இரண்டு சுற்று வந்தோம்.

இதில் என் பங்கு என்ன என்று எனக்குத் தெரியும். முதல் மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வட்ட அடைப்புக்குள் நுழைவேன். நீலன் என்னைப் பார்த்தால் போதும், உடனே திரும்பி விலகிவிடுவேன். அதற்கு அதுதான் கூலி. குதிரைக்குப் பாடம் அழுத்தத்தில் இல்லை, அழுத்தம் விலகும் அந்த நொடியில் இருக்கிறது. ஒரு நொடி தாமதித்தால் வேறு எதற்கோ கூலி கொடுத்ததாக ஆகிவிடும். பதினெட்டாம் நாள் அதுவாக வந்து என் முழங்கையை முகர்ந்தது. அன்று நான் தூங்கவில்லை.

கெடுத்தது அதற்குப் பிறகுதான். கயிறு மாட்டப் பழகிவிட்டது என்ற தெம்பில், கயிறு மாட்டினாலே வேலை என்று ஆக்கிவிட்டேன். மாட்டினால் பூச்சி மருந்து, மாட்டினால் ஊசி, மாட்டினால் சேணம். போதாக்குறைக்கு தானிய வாளியைக் காட்டி வரவழைத்துக் கயிற்றைப் போட்டேன். வாளியின் அர்த்தத்தை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டது. இன்னொன்று, எப்போதும் இடது பக்கமிருந்துதான் போவேன். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அது ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், ஆனால் இடக்கண்ணுக்குப் பழகியது வலக்கண்ணுக்கும் பழகிவிடும் என்று நம்பக்கூடாது. வலப்பக்கமிருந்து போன முதல் நாள், முன்பின் பார்த்திராத ஆளைப் போல என்னைப் பார்த்தது.

3 வயதில் இன்னொரு பாவமும் செய்தேன். கடிவாளம் போட்டாலே தலையை உதறியது. திமிர் என்று நினைத்து இரண்டு வாரம் விடாப்பிடியாக வேலை வாங்கினேன். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். பால் கடைவாய்ப்பல் ஒன்று பாதி கழன்று தொப்பி மாதிரி ஈறில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டரை வயதிலிருந்து நாலரைக்குள் 24 பால் பற்கள் விழும் என்றார். அவர் அதை எடுத்தார், உதறல் நின்றது. அந்த இரண்டு வாரத்தைக் குதிரை மறந்திருக்குமா என்று தெரியவில்லை. கயிறோடு நான் வரும்போது அது வைக்கும் அந்த ஓர் அடியில் அதுவும் இருக்கலாம்.

இத்தனைக்கும் கயிறு இல்லாமல் போனால் கதையே வேறு. வேலி கட்டிக்கொண்டிருந்தால் பின்னாலேயே வந்து நிற்கும். தோளில் தாடையை வைத்து என் சுத்தியலை மேற்பார்வை பார்க்கும். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் சொறிந்துவிட்டால் மேலுதடு நீண்டு நடுங்கும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் என் துடிப்பையும் யாராவது அளந்து பார்க்கலாம்.

இதற்கு வைத்தியமும் தெரியும். கயிறு மாட்டு, சொறிந்துவிடு, அவிழ்த்துவிடு, திரும்பி நட. பத்துக்கு ஐந்து தடவை வேலையே வாங்காதே. போன கோடையில் ஒரு மாதம் இப்படிச் செய்தபோது வாயிலுக்கே வந்து நின்றது. அப்புறம் எனக்கு நேரமில்லாமல் போனது. அவசரத்தில் போகும்போது நான் நேர்கோட்டில் நடக்கிறேன், கண்ணை அதன் முகத்தில் குத்தி வைத்திருக்கிறேன். இரை தேடும் மிருகம் அப்படித்தான் நடக்கும். லாடக்காரர் வரும் நாளில் கட்டாயம் அப்படித்தான் நடக்கிறேன். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை அவர் வந்தாக வேண்டும். பிடிபட்ட பிறகு நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தானே தூக்கிக் கொடுத்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆக, நண்பனுக்குப் பதில்: வாங்காதே. தினமும் ஒரு மணி நேரம் சும்மா வேலியோரம் உட்கார உனக்குப் பொறுமை இல்லை. எனக்கும் இல்லை. கையில் வளர்ந்த, வயதான, சாதுவான குதிரையாகப் பார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடி அழைத்தான். மேலே எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன்.

"அவ்வளவு தொல்லைன்னா நீலனை எனக்குக் குடுத்துடேன்" என்றான்.

போனை வைத்துவிட்டேன்.