தேவாரப் பதிகமா, கிறிஸ்தவக் கீர்த்தனையா?

இரண்டும் தமிழ், இரண்டும் பாடினால்தான் முழுமை பெறும். யார் பாடுவதற்கு என்ற கேள்வியில்தான் வழி பிரிகிறது.

ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தரின் பதிகத்தில் பெரும்பாலும் 11 பாடல்கள் இருக்கும். எட்டாவதில் கயிலையைத் தூக்க முயன்ற இராவணன் வருவான். ஒன்பதாவதில் சிவனின் அடிமுடி தேடிய திருமாலும் பிரமனும். பத்தாவதில் சமண, பௌத்தர்களைச் சாடுவார் (இன்று படிக்கையில் அது எனக்கு உறுத்துகிறது). கடைசிப் பாடலில் தம் பெயரும், பாடுவோர் பெறும் பலனும். இந்தக் கட்டுக்குள் அந்தந்த ஊரின் வயலும் வண்டும் மந்தியும் துள்ளுவதுதான் அழகு. ‘தோடுடைய செவியன்’ பதிகம் நட்டபாடை என்ற பழந்தமிழ்ப் பண். இப்போது கம்பீரநாட்டை ராகத்தில் பாடுகிறார்கள். பெரும்பாலும் கோயிலில் திருமுறை பாடும் ஓதுவார் பாடுவார், நாம் கேட்போம்.

கீர்த்தனை தேவாலயத்தில் கூடும் சபைக்கானது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இதன் பெரும் முன்னோடி. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கர்நாடக இசை வடிவமே இதற்கும். பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் எழுத்தறியாதவரும் இரண்டாம் முறையே சேர்ந்துகொள்வார். ஜெர்மன் மெட்டுக்கு மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளில் குறிலும் நெடிலும் அடிக்கடி நசுங்கும். கீர்த்தனையில் சொல்லும் தாளமும் ஒன்றாகவே பிறக்கின்றன.

சொற்செறிவுக்கு என் தேர்வு பதிகம்தான், சந்தேகமே இல்லை. பலர் கூடி வாய்விட்டுப் பாட வேண்டுமென்றால் கீர்த்தனையை எடுப்பேன். ஆனாலும் சைவத் திருமுறைகளை முழுதும் ஓதும் முற்றோதல்களில் அடியார்கள் கூட்டமாகப் பதிகம் பாடுவதைக் கேட்டவர்கள் இதை மறுக்கக்கூடும்.