எச்.டி பாக்ஸுக்குப் பணம் கட்டினேன், மாவு பூசின முகங்கள்தான் வந்தன

புதிதாக டிஷ் மாட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் பல வருடமாக லோக்கல் கேபிள்தான். தீபாவளிக்கு 43 இன்ச் டிவி வாங்கிய ஜோரில், ஒரு டிடிஎச் கம்பெனியின் எச்.டி இணைப்புக்கு மாறினேன். பாக்ஸ், டிஷ், மாட்டுக்கூலி, ஆறு மாத ‘எச்.டி பேக்’ எல்லாவற்றுக்கும் முதலிலேயே வசூல் செய்துவிட்டார்கள்.

மாட்ட வந்த பையன் அரை மணி நேரத்தில், "படம் வந்துடுச்சுண்ணே" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். படம் வந்தது உண்மைதான். சாயங்காலம் சீரியல் பார்க்க உட்கார்ந்த அம்மா, "ஏன்டா, எல்லார் மூஞ்சியிலயும் மாவு பூசின மாதிரி இருக்கு?" என்றார். கிரிக்கெட் வைத்தால் மைதானம் முழுக்கப் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் இருந்தது. பந்தைத் தேடத்தான் வேண்டும்.

கஸ்டமர் கேரில் ஒரே பதில்: "சார், உங்க சிக்னல் 90 சதவீதம் இருக்கு, டிவியிலதான் பிரச்சினை." டிவிக் கடைக்காரர் பென்டிரைவில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார், கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாவது முறை கத்திய பிறகு ஓர் ஆள் வந்தார். மொட்டைமாடியில் டிஷ்ஷை இப்படியும் அப்படியும் திருப்பினார், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னலை வாங்கும் சின்னக் கருவி) போய்விட்டது என்று மாற்றினார், 450 ரூபாய் வாங்கினார். அம்மாவின் சீரியலில் மாவு அப்படியே இருந்தது.

கேபிள் வேலை பார்த்த சித்தப்பா மகன் ஊருக்கு வந்தபோதுதான் குட்டு உடைந்தது. டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்! அந்த மஞ்சள் ஒயரில் எச்.டி படம் போகவே போகாது. பழைய 576 வரிப் படம்தான் அதன் எல்லை. பாக்ஸ் வந்த அட்டைப்பெட்டியில், எச்.டி படம் போகிற எச்டிஎம்ஐ கேபிள் உண்டு என்று அச்சடித்திருக்கிறது, எனக்குத் தரவில்லை. கடையில் ஒன்று வாங்கி மாட்டி, பாக்ஸ் செட்டிங்கில் எச்.டி அளவான ‘1080i’ என்று மாற்றினோம். மெனு எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்தது. முகங்கள் கொஞ்சம் தேறின, அவ்வளவுதான்.

ஏனென்றால் அடுத்த ஏமாற்று பேக்கிலேயே இருந்தது. எச்.டி பேக் என்ற பெயரில் வந்தவற்றில் எச்.டி சேனல்கள் பெரும்பாலும் இந்தியும் இங்கிலீஷும். அம்மா பார்க்கும் தமிழ்ச் சேனல்கள் எல்லாமே எஸ்.டி, அதாவது பழைய சாதாரணத் தரம். அவற்றின் எச்.டி வேறு நம்பரில், தனி விலையில் இருக்கிறது. 720க்கு 576 புள்ளி உள்ள படத்தை 43 இன்ச்சுக்கு இழுத்தால் எப்படி இருக்கும்? போதாததற்கு சாட்டிலைட்டில் ஒரே டிரான்ஸ்பாண்டரில் (சேனல்களைச் சுமந்து வரும் பாதை) ஏகப்பட்ட சேனல்களை அடைக்கிறார்கள். டவுன் பஸ்ஸில் ஆளை ஏற்றுவது மாதிரிதான். சேனலுக்குக் கிடைக்கும் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவு) குறையக் குறைய, நுணுக்கமெல்லாம் போய்விடும். ஆள் ஓடும் காட்சி, மழைக் காட்சி, புல்தரை இவைதான் முதலில் குழையும்.

அவன் சொன்ன இன்னொன்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால் 450 ரூபாய் மிச்சம். ஆன்டெனா காலத்தில்தான் சிக்னல் குறைந்தால் படம் மங்கும். டிஜிட்டலில் சிக்னல் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், உறைந்து நிற்கும், பெருமழையில் மொத்தமாகப் போகும். மங்கலுக்கும் டிஷ் திரும்பியிருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. மங்கல் என்று கூப்பிட்டதற்கு ஒருவர் மாடியேறி டிஷ்ஷைத் திருப்பினால், கூலிக்கு வழி பார்க்கிறார் என்று அர்த்தம்.

மாட்ட வருபவர் கிளம்பும் முன் டிவிக்குப் பின்னால் பாருங்கள். எச்டிஎம்ஐ இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் தினமும் பார்க்கும் நாலைந்து சேனல்களை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் எச்.டி நம்பரையும் கேளுங்கள். 2019 பிப்ரவரியிலிருந்து டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி சேனலைத் தனித்தனியாகவும் எடுக்கலாம். பேக்கைத் தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. கால் சென்டரோடு மல்லுக்கட்டாமல் புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, கம்பெனியில் புகாருக்கென்றே இருக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

நோடல் அதிகாரிக்கு எழுதிய பிறகு எனக்கு எல்என்பி காசு திரும்பி வந்தது. பேக்கை மட்டும் நடுவில் மாற்ற முடியாதாம், இன்னும் நாலு மாதம் ஓடவேண்டும். அம்மாவின் இரண்டு சேனல்களுக்கு மேல்காசு கட்டி எச்.டி போட்டுவிட்டேன். இப்போது சீரியல் மாமியாரின் மேக்கப் அதிகம் என்கிறார்.