மாமனாரின் நினைவு மலர்: காரைக்குடி அச்சகத்தில் எங்கள் அனுபவம்

ஓய்வுபெற்ற சமூகப் பணியாளரான என் மாமனாரின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காக, காரைக்குடி செக்காலைப் பகுதியில் உள்ள இந்த அச்சகத்தில் 80 பக்க நினைவு மலர் ஒன்றை அச்சிட்டு வாங்கினோம். மலரைத் தொகுத்துத் தரும் திறமைக்காக இவர்களை மனமாரப் பரிந்துரைக்கிறேன். பைண்டிங் வேலையில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

செட்டிநாட்டில் மணிவிழாவுக்கும் எண்பதாவது சாந்திக்கும் மலர் போடுவது பழகிய வழக்கம். ஆகவே பிள்ளையார் படம், குடும்ப வரலாறு, வாழ்த்து அல்லது இரங்கல், கடைசியில் பேரன் பேத்திகளின் வண்ணப் படங்கள் என்று ஒரே வரிசையில் அமைந்த மலர்கள் எங்கள் வீட்டு அலமாரியிலேயே பல உண்டு. அவற்றில் பெயரை மாற்றிவிட்டால் எவருக்கும் பொருந்தும். இந்த அச்சகத்தின் உரிமையாளர் இரங்கல் செய்திகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, மாமா வைத்திருந்த காகிதங்களை முதலில் கொண்டுவரச் சொன்னார். மலர் நன்றாக அமைந்ததற்கு அந்த ஒரு சொல்லே காரணம்.

மாமா தம் பணிக்காலம் முழுவதும் தொழுநோய்த் தடுப்பு வேலையில் இருந்தவர். 1983 இல் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கி, கூட்டு மருந்துச் சிகிச்சை மாவட்டம் மாவட்டமாகப் பரவிய காலத்தில், தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதிப் பக்கத்துச் சிற்றூர்களில் அவர் கால் படாத தெரு குறைவு. அம்மருந்துகளுள் ஒன்றான கிளோஃபாசிமின் தோலைக் கறுக்கச் செய்யும் என்பதால், ஊரார் கண்டுகொள்வார்களே என்று அஞ்சி மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மருந்து முடிந்தபின் அந்த நிறம் மெல்ல மங்கிவிடும் என்பதைத் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து எடுத்துச் சொன்னதே தம் வேலையின் பெரும்பகுதி என்று அவர் சொல்வார். தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப் பிரிவுகள் 2019 இல்தான் நீக்கப்பட்டன. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களுக்காக அவர் கணவன் வீட்டாரிடம் நடையாய் நடந்திருக்கிறார்.

இவற்றையெல்லாம் மலரில் எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் இந்த அச்சகத்தின் அக்கறை தெரிந்தது. முகாம்களில் நோயாளிகளுடன் மாமா நிற்கும் படங்களை நாங்கள் எடுத்துச் சென்றிருந்தோம். உரிமையாளர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதில் இருப்பவர்களுக்கும் பேரன் பேத்தி இருப்பார்களே, ஆச்சி, அவர்கள் சம்மதிப்பார்களா?" என்று கேட்டார். மாமா இருந்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. அப்படங்களுக்குப் பதிலாக, காகிதக் கட்டில் இருந்த வேறொன்றை அவரே கண்டெடுத்தார். உணர்விழந்த பாதங்களுக்கு எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு தைக்கக் கொடுப்பதற்காக, மாமா நோயாளியின் காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்த அளவுத் தாள் அது. இரண்டு விரல்கள் இல்லாத வலது பாதத்தின் கோடு, குதிகால் ஓரத்தில் புண் இருந்த இடத்துக்கு ஒரு சிறு வட்டம், அதனருகே "இங்கே அழுத்தக் கூடாது" என்ற மாமாவின் கையெழுத்து. பெயரை நீக்கிவிட்டு, அதை உண்மை அளவு குறையாமல் இரு பக்கங்களில் விரித்து அச்சிட்டிருக்கிறார்கள்.

நாட்குறிப்புப் பக்கங்களையும் அவ்வாறே கையாண்டார்கள். மருந்து முடிக்க வேண்டியவர்களின் பட்டியலுக்குக் கீழேயே மகளின் பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள், என் மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை, பேரனுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை இருந்தன. நாங்கள் பணி ஒரு பகுதி, குடும்பம் ஒரு பகுதி என்று பிரிக்க நினைத்திருந்தோம். உரிமையாளரோ நோயாளிகளின் பெயர்களை மறைத்து, பக்கத்தை முழுதாக அப்படியே போடச் சொன்னார். பேரப்பிள்ளைகள் தங்கள் ஐயாவைப் பற்றி எழுதியவற்றைக் காட்டிலும் அந்தப் பக்கமே அவரை அப்படியே காட்டுகிறது என்பது என் கருத்து.

பழைய படங்களைச் சீர்செய்ததும் தரமான வேலை. பூஞ்சை படிந்திருந்த திருமணப் படத்தில் கறையை மட்டும் நீக்கி, முகங்களை வெளுப்பாக்காமல் விட்டிருக்கிறார்கள். 1919 இல் காரைக்குடியில் எடுத்த பாரதியார் படத்தை இன்றும் போற்றும் ஊரில், எல்லா ஸ்டுடியோக்களும் இந்தப் பொறுமையைக் காட்டினால் நன்றாக இருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பசை வைத்து ஒட்டும் பைண்டிங் என்பதால், நடுவில் சேர்த்த ஆர்ட் பேப்பர் பக்கங்கள் சில படிகளில் கழன்று வந்தன. கேட்டதும் மறுப்பில்லாமல் திரும்ப வாங்கி நூல் தையல் போட்டுத் தந்தார்கள் என்றாலும், அதை முதலிலேயே செய்திருக்கலாம். திருத்திக் கொடுத்த மெய்ப்பில் இருந்த ஒற்றுப்பிழைகள் சில அச்சிலும் அப்படியே நின்றுவிட்டன. கட்டணம் ஊரில் மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதல். தொகுப்புக்கு அவர்கள் செலவிடும் நேரத்தைப் பார்த்தால் அது நியாயமே.

முகூர்த்த மாதங்களில் திருமண அழைப்பிதழ் வேலை நெருக்குவதால், நினைவு நாளுக்கு மூன்று மாதம் முன்பே காகிதங்களைக் கொடுத்துவிடுவது நல்லது. நூல் தையல் வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.